வேனுக்கு முன்னும் பின்னும்: நடமாடும் மனநல நெருக்கடிக் குழுவை நடத்துவது பற்றி ஓர் அறிமுகம்

நடுச்சாலையில் ஒருவர் நின்று கத்திக்கொண்டிருக்கிறார். கையில் ஆயுதம் இல்லை, யாரையும் அடிக்கவும் இல்லை. பேச்சில் தொடர்பில்லை, கண்ணில் பயம் தெரிகிறது. பார்த்தவர் போனை எடுத்தால் எந்த எண்ணை அழுத்துவார்? பெரும்பாலான நகரங்களில் போலீஸ் எண்ணைத்தான். ஏதோ குற்றம் நடந்துவிட்டது என்பதற்காக அல்ல, கூப்பிட்டால் உடனே வரக்கூடியவர் வேறு யாரும் இல்லை என்பதற்காக.

அமெரிக்காவில் இதற்குக் கொடுத்த விலை பெரிது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களின் விவரங்களை 2015 முதல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் தொகுத்து வந்தது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மனநோய் உள்ளவர் என்று தெரியவந்தது. இந்த நிலையை மாற்ற அங்கே இரண்டு வழிகளில் முயன்றார்கள். ஒன்று, போலீசுக்கே பயிற்சி கொடுப்பது. மெம்ஃபிஸ் நகரம் 1988-ல் தொடங்கிய 40 மணி நேரப் பயிற்சித் திட்டம் பிறகு நாடு முழுவதும் பரவியது. மற்றொன்று, போலீசுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்புவது. ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் வைட் பேர்ட் என்ற மருத்துவ மையம் 1989 ஜூலையில் ‘கஹூட்ஸ்’ என்ற சேவையைத் தொடங்கி இந்த இரண்டாம் வழியைக் காட்டியது. வெள்ளை வேன், அதில் இருவர், துப்பாக்கியும் இல்லை, விலங்கும் இல்லை.

நடமாடும் மனநல நெருக்கடிக் குழு என்பது இதுதான். மனக்கொந்தளிப்பில் இருப்பவரை மருத்துவமனைக்கு வரச் சொல்லிக் காத்திருக்காமல், அவர் இருக்கும் இடத்துக்கே போய், அங்கேயே முடிந்ததை முடித்து, முடியாததை உரிய இடத்தில் சேர்க்கிற குழு. கேட்பதற்கு எளிது. இப்படியொரு குழுவுக்குத் தலைமை ஏற்பவர் முதல் மாதத்திலேயே ஒன்றைக் கண்டுகொள்வார்: அவருடைய வேலையில் பெரும்பகுதி வேனுக்கு வெளியேதான் நடக்கிறது. வேன் கிளம்புவதற்கு முன் அழைப்பை எடுப்பவர் என்ன முடிவு செய்கிறார், வேன் திரும்பும்போது எந்தக் கதவு திறந்திருக்கிறது என்ற இரண்டும் சரியாக இல்லாவிட்டால், நடுவில் எவ்வளவு திறமையானவர்கள் போய்ப் பேசினாலும் பயன் பாதிதான்.

வேனில் யார் ஏறுவது?

வழக்கமான அமைப்பில் இருவர். ஒருவர் மனநலம் படித்தவர் அல்லது நெருக்கடி ஆலோசனையில் பயிற்சி பெற்றவர். மற்றவர் செவிலியர் அல்லது ஆம்புலன்சில் வேலை செய்யும் மருத்துவ நுட்புநர். டென்வர் நகரம் 2020 ஜூனில் தொடங்கிய ‘ஸ்டார்’ குழுவிலும் இதே சேர்க்கைதான். ஸ்டாக்ஹோம் நகரம் 2015-ல் மனநோய்க்கென்றே ஓர் ஆம்புலன்ஸை ஓடவிட்டபோது, அதில் மனநலச் செவிலியர் இருவரையும் ஆம்புலன்ஸ் பணியாளர் ஒருவரையும் ஏற்றினார்கள்.

மனப் பிரச்சினைதானே, உடம்பைப் பார்க்கத் தனி ஆள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர் முதலில் கற்க வேண்டிய பாடமே இங்கேதான் இருக்கிறது. மனம் பிறழ்ந்ததுபோல் தெரிவதெல்லாம் மனநோய் அல்ல. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் மனிதர் குழறுவார், கோபப்படுவார், யாரென்று தெரியாமல் பேசுவார். தலையில் அடிபட்டவர், வலிப்பு வந்து தெளிந்துகொண்டிருப்பவர், குடியைத் திடீரென நிறுத்தி நடுக்கமும் பிரமையும் கண்டவர், சிறுநீர்த் தொற்றால் ஒரே இரவில் குழம்பிப்போன முதியவர் என்று எல்லோரும் தொலைபேசியில் ‘பைத்தியம் பிடித்ததுபோல் நடந்துகொள்கிறார்’ என்ற ஒரே வர்ணனையில் அடங்கிவிடுவார்கள். ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி அந்த வேனில் இருக்கிற மிக முக்கியமான பொருட்களில் ஒன்று. வியர்வை, மூச்சு, கண்மணி, நடை ஆகியவற்றை முதல் நிமிடத்திலேயே கவனிக்க ஒருவர் வேண்டும். பேசுகிறவரால் அதையும் சேர்த்துச் செய்ய முடியாது.

பல நகரங்களில் மூன்றாமவர் ஒருவரும் உண்டு. தாமே மனநோயையோ போதைப் பழக்கத்தையோ கடந்து வந்து, பயிற்சி பெற்று வேலைக்கு வந்தவர். ‘நானும் அந்த வார்டில் படுத்திருக்கிறேன்’ என்று சொல்ல முடிந்த ஒருவரிடம் மனம் இளகுவதைப் பட்டம் பெற்றவர்கள் பொறாமையோடு பார்ப்பார்கள். இவர்களை வேலைக்கு எடுத்துவிட்டு, பிறகு கோப்பு தூக்கவும் டீ வாங்கவும் விடுகிற தலைமை உருப்படாது.

இனி ஆள் கணக்கு. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 40 மணி நேரம் வேலை செய்தால், ஓர் இருக்கையை இரவு பகலாக நிரப்பவே நான்குக்கு மேற்பட்ட ஆட்கள் வேண்டும். விடுப்பு, நோய், பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்தால் ஐந்து பேருக்குக் குறையாது. இருவர் போகும் ஒரே ஒரு வேனுக்குப் பத்துப் பேர். வேன் வாங்கப் பணம் ஒதுக்கிவிட்டு, இந்தப் பத்துப் பேரின் சம்பளத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று மாநகராட்சி சொன்னால், வெள்ளி இரவு பத்து மணிக்கு வண்டி கொட்டகையில்தான் நிற்கும். டென்வர் இதை மறைக்காமல் சிறிதாகத் தொடங்கியது: ஒரு வேன், நகரின் மையப் பகுதி மட்டும், வார நாட்களில் காலை 10 முதல் மாலை 6 வரை. அரைகுறையாக 24 மணி நேரம் ஓட்டுவதைவிட, சொன்ன நேரத்தில் உறுதியாக வருகிற எட்டு மணி நேரம் மேல் என்பது என் கட்சி. வராத வேனை ஒருமுறை அனுபவித்தவர் மறுமுறை அழைக்க மாட்டார்.

அழைப்பை எடுக்கும் மேசை

அமெரிக்காவில் 911-ஐ அழைத்தால் எடுப்பவர் காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என்று பிரிப்பார். டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம் 2021-ல் இந்த வரிசையில் ‘மனநல உதவி’ என்ற நான்காவது தேர்வைச் சேர்த்தது. அழைப்பவரிடமே முதல் கேள்வியாக அதைக் கேட்கிறார்கள். 2022 ஜூலையில் நாடு முழுவதற்கும் 988 என்ற தனி எண்ணும் வந்தது. பெரும்பாலான அழைப்புகள் தொலைபேசியிலேயே தீர்ந்துவிடும். தீராதவற்றுக்குத்தான் வேன்.

எந்த அழைப்புக்குப் போவது, எதற்குப் போகக் கூடாது என்ற வரையறையை எழுதித் தருவது தலைவரின் பொறுப்பு. ஆயுதம் இருக்கிறதா, அடிதடி நடந்துகொண்டிருக்கிறதா, உயிருக்கு ஆபத்தான காயமோ விஷமோ உண்டா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் போலீசோ ஆம்புலன்ஸோ முன்னால் போகும், மனநலக் குழு பின்னால் சேரும். மற்றவை குழுவுக்கு வரலாம். தாளில் இது தெளிவாகவே இருக்கும். அழைப்பை எடுப்பவரின் நிலையிலிருந்து பாருங்கள்: எதிர்முனையில் யாரோ அலறுகிறார், விவரம் பாதிதான் கிடைக்கிறது, தவறாக முடிவெடுத்தால் நாளை விசாரணையில் நிற்கப்போவது இவர்தான். சந்தேகம் வந்தால் போலீசையே அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதனால்தான் நல்ல தலைவர்கள் அழைப்பு மையத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை, தங்களுக்கு வந்திருக்க வேண்டியும் வராமல் போன அழைப்புகளை எடுத்து வைத்து, ‘இது ஏன் எங்களுக்கு வரவில்லை?’ என்று கேட்கிறார்கள். அழைப்பை எடுப்பவர்களை வேனில் ஒரு ஷிப்ட் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சில நகரங்கள் அழைப்பு மையத்திலேயே ஒரு மனநலப் பணியாளரை உட்கார வைத்துவிட்டன. வேனின் இன்ஜினைவிட இந்த மேசைக்குத்தான் அதிகப் பராமரிப்பு தேவை.

இடத்துக்குப் போனபின்

இப்படி ஓர் அழைப்பை வைத்துக்கொள்வோம். இரவு ஒன்பது மணி, பஸ் நிறுத்தம். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குளிரில் வெறுங்காலோடு முன்னும் பின்னும் நடக்கிறார். கார்களைப் பார்த்துத் திட்டுகிறார். தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்கிறார்.

வேன் சற்றுத் தள்ளி நிற்கிறது. சைரன் இல்லை, சுழல்விளக்கு இல்லை. கிளம்ப வேண்டுமானால் உடனே கிளம்பும்படி வண்டியின் முகம் சாலையைப் பார்த்திருக்கிறது. இறங்கிய இருவரில் ஒருவர் மட்டுமே பேசுகிறார். மற்றவர் இரண்டடி பக்கவாட்டில் நின்று அவருடைய கால், கை, மூச்சு, பையில் துருத்திக்கொண்டிருப்பது எல்லாவற்றையும் பார்க்கிறார். பேசுபவர் தன் பெயரைச் சொல்கிறார், தான் போலீஸ் இல்லை என்கிறார். ‘கால் சில்லிட்டுப் போயிருக்குமே, புதுக் காலுறை இருக்கிறது, வேண்டுமா?’ என்று கேட்கிறார். தண்ணீர் பாட்டில், போர்வை, காலுறை என வேனில் இருக்கிற மலிவான பொருட்கள்தான் பேச்சைத் தொடங்கி வைக்கின்றன.

‘அந்த நீலக் கார் என்னைத்தான் தேடுகிறது’ என்கிறார் அவர். ‘அப்படியெல்லாம் ஒன்றுமில்லை’ என்றால் சண்டை. ‘ஆமாம், நானும் பார்த்தேன்’ என்றால் பொய், அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றுவதும்கூட. பயிற்சி பெற்றவர் சொல்வது இப்படி இருக்கும்: ‘அந்தக் காரைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. நீங்கள் மிகவும் பயந்திருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. கடைசியாக எப்போது தூங்கினீர்கள்?’ தூக்கம், சாப்பாடு, மாத்திரை, யாரோடு வசிக்கிறார் என்று பேச்சு மெல்ல மெல்ல அவரைத் தரைக்குக் கொண்டுவருகிறது. உட்காரலாமா, நிற்கலாமா, இங்கேயா, விளக்கடியிலா என்று சின்னச் சின்னத் தேர்வுகளை அவர் கையில் கொடுக்கிறார்கள். எல்லாம் கைநழுவிவிட்டதாக உணர்கிறவருக்கு அது பெரிய ஆறுதல். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து.

இதற்கு முக்கால் மணி நேரமும் ஆகலாம், ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். தலைவர் இங்கே செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல், வயர்லெஸில் ‘இன்னும் முடியவில்லையா?’ என்று கேட்பது. ரோந்து வண்டிக்கு அடுத்த அழைப்பு காத்திருக்கும், அவசரம் அதன் இயல்பு. மனநலக் குழுவிடம் இருக்கும் ஒரே கருவி நேரம். ஒரு ஷிப்டுக்கு இத்தனை அழைப்பு என்று இலக்கு வைத்தால் அந்தக் கருவியையும் பிடுங்கிக்கொண்டதாகிவிடும்.

பாதுகாப்புக்கு என்னைக் கேட்டால் ஒரே ஒரு விதியைச் சுவரில் எழுதி வைப்பேன்: இருவரில் யார் ‘கிளம்பலாம்’ என்றாலும் இருவரும் கிளம்ப வேண்டும், ஏன் என்ற கேள்வி வண்டிக்குள் ஏறிய பிறகுதான். புதிதாகச் சேர்ந்தவர் சொன்னாலும், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர் கேட்டாக வேண்டும். துப்பாக்கி இல்லாமல் போவது தற்கொலைக்குச் சமம் என்று பேசுபவர்களுக்கு யூஜீனின் கணக்கைச் சொல்லலாம். 2019-ல் ஏறக்குறைய 24,000 அழைப்புகளைக் கையாண்ட கஹூட்ஸ் குழு, போலீஸ் துணை கேட்டது 311 முறை என்கிறது வைட் பேர்ட். தேவைப்பட்டபோது கூப்பிடப் போலீஸ் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளூர்க் காவல் அதிகாரியோடு பகைத்துக்கொண்டு இந்த வேலையை நடத்த முடியாது.

எந்தக் கதவு திறந்திருக்கிறது?

பஸ் நிறுத்தத்தில் நின்றவர் வர சம்மதித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே கூட்டிப்போவது? பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் விபத்துக் காயங்களுக்கும் நெஞ்சுவலிக்கும் நடுவே, விளக்கு வெளிச்சத்திலும் இரைச்சலிலும் விடியும்வரை உட்கார வைத்தால், தணிந்த கொந்தளிப்பு மறுபடி ஏறும். அவர் எழுந்து போய்விடுவார். மறுநாள் அதே நிறுத்தத்திலிருந்து அழைப்பு வரும்.

அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரம் இதற்காகவே 2011-ல் ஒரு நெருக்கடி மையத்தைத் திறந்தது. 24 மணி நேரமும் இயங்கும் அந்த மையத்தில், போலீஸ் கொண்டுவந்தாலும் சில நிமிடங்களில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பலாம். குடித்திருக்கிறார், கத்துகிறார், காப்பீடு இல்லை என்று திருப்பி அனுப்புவதில்லை. இப்படிப்பட்ட மையங்களில் கட்டில்களுக்குப் பதில் சாய்வு நாற்காலிகள் போட்ட கூடம் இருக்கும். ஒரு நாளுக்குள், அதாவது 23 மணி நேரத்துக்குள், பெரும்பாலோர் தெளிந்து வீடு திரும்பும்படி கவனிப்பார்கள். அமெரிக்க மத்திய அரசு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் மூன்றைச் சொல்கிறது: பேச ஒருவர், நேரில் வர ஒருவர், போய்ச் சேர ஓர் இடம். நகரங்கள் பெரும்பாலும் இரண்டாவதை முதலில் வாங்குகின்றன. வேனைத்தான் கொடியசைத்துத் தொடங்கி வைக்க முடியும்.

போய்ச் சேர இடமே இல்லாத நகரத்தில் தலைவராக அமர்ந்தால் என்ன செய்வது? கிடைத்ததைக் கோத்துக்கொள்ள வேண்டியதுதான். எந்த விடுதியில் இரவு பன்னிரண்டுக்கு மேல் எடுப்பார்கள், எந்த மருத்துவமனையின் இரவுப் பணி மருத்துவர் அலுத்துக்கொள்ளாமல் பார்ப்பார், எந்த மருந்துக்கடை திறந்திருக்கும் என்ற பட்டியல் எந்தப் பாடநூலிலும் இராது. அதை வாரந்தோறும் திருத்திக்கொண்டே இருப்பதுதான் தலைமை வேலையின் நடைமுறை வடிவம். அடுத்த நாள் ஒரு போன் போட்டு ‘நேற்று தூங்கினீர்களா?’ என்று விசாரிக்கும் ஏற்பாட்டையும் இதோடு சேர்க்கலாம். செலவில்லாதது, ஆனாலும் ஆள் குறைந்தால் முதலில் கைவிடப்படுவது அதுதான்.

கணக்கும் காசும்

குழு ஓராண்டு ஓடியதும் மாநகராட்சி கேட்கும்: எத்தனை போலீஸ் அழைப்புகளைக் குறைத்தீர்கள்? பதில் சொல்வது தோன்றுகிற அளவுக்கு எளிதல்ல. யூஜீனில் நகரத்துக்கு வரும் அழைப்புகளில் 17 சதவீதத்தைத் தாங்கள் கையாளுவதாக வைட் பேர்ட் சொன்னது. அதே விவரங்களை ஆராய்ந்த யூஜீன் போலீஸ், உண்மையில் தங்களிடமிருந்து விலகிப்போனவை 5 முதல் 8 சதவீதம்தான் என்றது. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. குளிரில் படுத்திருப்பவரைப் பார்த்துவருவது, ஒருவரை விடுதியில் கொண்டுபோய் விடுவது போன்ற வேலைகளுக்குக் கஹூட்ஸ் போனது. அவற்றில் பலவற்றுக்குப் போலீஸ் எப்படியும் போயிருக்காது. அந்த வேலைக்கு மதிப்பில்லையா என்றால், உண்டு. ஆனால் அதைப் ‘போலீஸ் வேலையைக் குறைத்தது’ என்ற தலைப்பில் எழுதினால் என்றாவது யாராவது கணக்கைப் பிரித்துக் கேட்பார்கள். எதை எப்படி எண்ணுவது என்பதை முதல் வேன் கிளம்புமுன் காவல்துறையோடு உட்கார்ந்து எழுதிக்கொள்வது நல்லது.

டென்வர் வெளியாட்கள் சரிபார்க்கும்படி தரவைக் கொடுத்தது. முதல் ஆறு மாதங்களில் ஸ்டார் குழு 748 அழைப்புகளுக்குப் போனது. ஒன்றுகூடக் கைதில் முடியவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட கட்டுரை, குழு இயங்கிய பகுதிகளில் சிறு குற்றப் புகார்கள் 34 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. போலீஸ் போகாத இடத்தில் வழக்குப் பதிவும் குறையும் என்பதை மனத்தில் வைத்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் அது சின்ன எண் அல்ல.

ஊழியர்களைக் காப்பாற்றுவதும் இதே கணக்கில்தான் வரும். இரவு ஷிப்டில் ஒரு மரணத்தைப் பார்த்து வந்தவரை மறுநாள் காலையில் வட்டமாக உட்கார வைத்து, நடந்ததை விவரிக்கச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இப்படி ஒரே அமர்வில் கட்டாயமாகப் பேச வைப்பது பிற்கால பாதிப்பைத் தடுப்பதில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். சிலருக்கு அது கூடுதல் சுமையாகவும் ஆகலாம். சாப்பாடு, தூக்கம், மறுநாள் விடுப்பு, பேச விரும்பினால் பேச ஓர் ஆள் ஆகியவை போதும். ஒரு மாதம் கழித்தும் விசாரிக்க மறக்காமல் இருப்பது தலைவரின் வேலை.

பணம் பற்றி ஒரு கசப்பான செய்தி. 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், ‘மெடிகெய்ட்’ என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் கீழ் தகுதியுள்ள நடமாடும் குழுக்களுக்கு ஆகும் செலவில் 85 சதவீதத்தை முதல் மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசே ஏற்க வழி செய்தது. நாடெங்கும் புதுக் குழுக்கள் முளைத்தன. அவற்றில் பலவற்றுக்கும் முன்மாதிரியாக இருந்த கஹூட்ஸ், பண நெருக்கடியால் 2025 ஏப்ரலில் யூஜீன் நகரில் நின்றுபோனது. 35 ஆண்டு அனுபவமும் உலகப் புகழும் சேர்ந்தும் சம்பளப் பட்டியலை நிரப்ப முடியவில்லை.

நம் பக்கம்

இந்தியாவில் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் வந்தது. அதன் 100-ஆவது பிரிவின்படி, மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைபவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலைய அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது 115-ஆவது பிரிவு. பேச ஒருவர் வேண்டுமென்றால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண் நாடு முழுவதும் உண்டு. தமிழ்நாட்டில் 104-லும் பேசலாம். இலங்கையில் 1926. ஆதரவற்றுத் தெருவில் திரியும் மனநோயாளிகளைச் சேர்க்கத் தமிழ்நாட்டில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இருக்கின்றன. நடுவில் உள்ள வேனின் வேலையைப் போலீசும் 108 ஆம்புலன்ஸும் தன்னார்வ அமைப்புகளும் கிடைத்தபடி பகிர்ந்துகொள்கின்றன.

ஆகவே இங்கே ஒருவருக்காக உதவி கேட்டு அழைக்க நேர்ந்தால், போனில் முதலில் சொல்லும் நான்கு விவரங்கள் முக்கியம்: மனநலப் பிரச்சினைபோல் தெரிகிறது, கையில் ஆயுதம் இருக்கிறது அல்லது இல்லை, அடிபட்ட காயம் இருக்கிறது அல்லது இல்லை, அவர் பெயரும் சாப்பிடும் மாத்திரையும் தெரிந்தால் அவை. ‘ஒருவன் ரகளை செய்கிறான், சீக்கிரம் வாருங்கள்’ என்று சொன்னால் லத்தியோடு வருவார்கள்.